ஒட்டுவது சுலபம், கழற்றிப் பார்ப்பது அவசியம்



எங்கள் வீடுகளில் ஒட்டும் தாள் இல்லாத அறை இப்போது குறைவு. குசினிச் சுவரில் மாபிள் போன்ற தாள், பிள்ளைகளின் அறையில் பட்டாம்பூச்சியும் உலகப் படமும், வாசலில் ஸ்ரிக்கர் கோலம், சாமித்தட்டுக்குப் பின்னால் பொன்னிறத் தாள், பழைய அலுமாரிக் கதவுக்கு மரத்தின் தோற்றம். பிறந்தநாள், சாமத்திய வீடு என்றால் பெயரையும் வயதையும் வெட்டி மண்டபச் சுவரில் ஒட்டுகிறோம். எழுத்து வெட்டும் சிறிய இயந்திரத்தை வீட்டிலேயே வைத்து உறவினர்களுக்கும் செய்து கொடுக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நல்ல கைவேலை, செலவும் அதிகமில்லை.

இதற்குக் காரணமும் எங்களுக்குத் தெரியும். எங்களில் பெரும்பாலானோர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். சுவிற்சர்லாந்துச் சட்டப்படி (கடப்பாட்டுச் சட்டம், 260அ பிரிவு) வீட்டில் மாற்றம் செய்வதானால் வீட்டுக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. வர்ணம் பூசவும் ஓடு மாற்றவும் கடிதம் எழுதிக் காத்திருப்பதைவிட, கழற்றக்கூடிய வினைல் தாளை வாங்கி ஒரு சனிக்கிழமையில் ஒட்டிவிடலாம்.

இதற்கும் மருத்துவப் பக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு அந்தக் 'கழற்றக்கூடிய' என்ற சொல்லில்தான் இருக்கிறது. கழற்றலாம் என்று வாங்குகிறோம், ஒட்டுகிறோம், பிறகு வீடு மாறும்வரை அதன் பின்னால் என்ன நடக்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. தாள் தன்பாட்டில் நோயைக் கொண்டுவருவதில்லை. எந்த இடத்தில் ஒட்டுகிறோம், எத்தனை காலம் பார்க்காமல் விடுகிறோம் என்பதுதான் நன்மையையும் தீமையையும் தீர்மானிக்கிறது.

இந்தத் தாள் எதனால் ஆனது?

பெரும்பாலான ஒட்டும் தாள்கள் பி.வி.சி என்ற பிளாஸ்ரிக்கினால் ஆனவை. தண்ணீர்க் குழாயும் யன்னல் சட்டமும் செய்யும் அதே பொருள்தான். பி.வி.சி இயற்கையில் கடினமானது. 1926ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வால்டோ செமன் என்ற இரசாயனவியலாளர் அதனுடன் சில திரவங்களைச் சேர்த்து றப்பர் போல வளையச் செய்தார். அப்படி மெதுவாக்கச் சேர்க்கும் பொருட்களை மெதுவாக்கிகள் என்று சொல்லலாம். குழந்தைகளின் அறையைப் பற்றிப் பேசும்போது இவை மீண்டும் வரும்.

தாளின் தடிப்பு ஏறக்குறைய 0.08 மில்லிமீற்றர். அதன் முதுகில் அழுத்தினால் ஒட்டும் பசை இருக்கிறது. கழற்றக்கூடிய வகையில் பொதுவாக நீரில் கலந்து தயாரித்த, பிடிப்புக் குறைந்த அக்ரிலிக் பசை இருக்கும். நிரந்தர வகையில் பிடிப்பு அதிகம். இந்த இரண்டாவது வகை வாகனங்களுக்கும் கடைப் பலகைகளுக்கும் ஏற்றது. வாடகை வீட்டுச் சுவருக்கு இதை வாங்கினால், கழற்றும்போது வர்ணமும் சேர்ந்து வரும். ஆகவே வாங்கும்போதே பெட்டியில் எந்த வகை என்று பாருங்கள்.

இன்னொரு குணத்தையும் மனதில் வைத்திருங்கள். இந்தத் தாளின் ஊடாக நீராவி அநேகமாகப் போகாது. குசினியில் துடைத்தெடுக்க அது வசதி. குளிர்ச் சுவரில் அதுவே சிக்கல்.

குளிர்ச் சுவரும் பூஞ்சணமும்

ரெனான் ஏறக்குறைய 900 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊர். சென் இமியே பள்ளத்தாக்கிலும் மேலே லா ஷோ-த-ஃபோன் பக்கத்திலும் குளிர்காலம் நீளமானது, பழைய கல் வீடுகளும் நிறைய. அப்படியான வீடுகளில் வெளிப்பக்கச் சுவர், அதுவும் வடக்குப் பார்த்த சுவரும் மூலைகளும், அறை சூடாக இருந்தாலும் குளிர்ந்தே இருக்கும்.

கணக்கு இதுதான். அறையில் 20 பாகை வெப்பமும் 60 வீத ஈரப்பதனும் இருந்தால், 12 பாகைக்குக் குறைந்த எந்தப் பரப்பிலும் நீர் துளிக்கும். பூஞ்சணம் முளைக்கத் துளி நீர்கூடத் தேவையில்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதன் 80 வீதம் அளவில் தொடர்ந்து இருந்தாலே போதும். அறைக் காற்றில் 50 வீத ஈரப்பதன்தான் என்றாலும், சுவர் 12, 13 பாகைக்குக் குளிர்ந்தால் அந்த நிலை வந்துவிடும்.

இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? எங்களிடமிருந்துதான். நான்கு பேர் உள்ள குடும்பம் மூச்சாலும் வியர்வையாலும் சமையலாலும் குளிப்பாலும் உடுப்புக் காயப்போடுவதாலும் ஒரு நாளில் 10 லீற்றர் வரை நீரைக் காற்றில் விடுகிறது. சோறு, புட்டு, இடியப்பம் என்று எங்கள் சமையலில் பாதி ஆவியில் நடப்பது. மூடியைத் திறந்து வைத்து, புகைபோக்கியைப் போடாமல் சமைத்தால் அந்த ஆவி குசினியில் நிற்காது. வீட்டில் எந்தச் சுவர் ஆகக் குளிர்ந்ததோ அங்கே போய் நீராகப் படியும்.

இப்போது அந்தச் சுவரில் வினைல் தாள் ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். தாளின் இணைப்புகளாலும், உயர்ந்துநிற்கும் ஓரங்களாலும், ஒட்டும்போது அகப்பட்ட குமிழிகளாலும் ஈரம் உள்ளே போகிறது. சுவருக்குள்ளிருந்தும் ஈரம் வரலாம். உள்ளே போனது வெளியே வர வழியில்லை. பழைய சுவர்க் கடுதாசியும் அதன் பசையும் தூசியும் பூஞ்சணத்துக்கு உணவு. தாள் இல்லாத சுவர் என்றால் கறுப்புப் புள்ளியைக் கண்டவுடன் துடைத்திருப்பீர்கள். தாள் ஒட்டிய சுவரில் பட்டாம்பூச்சிதான் தெரியும், பின்னால் இருப்பது தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வீட்டின் ஈரமும் பூஞ்சணமும் பற்றிய வழிகாட்டியை வெளியிட்டது. ஈரமான வீடுகளில் வசிப்பவர்களுக்கு இருமல், இளைப்பு, ஆஸ்த்துமா, மூச்சுக்குழாய்த் தொற்றுகள் அதிகம் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே ஆஸ்த்துமா உள்ள பிள்ளைக்கு நோய் கூடுவதும் அதில் உண்டு. ஆகவே பிள்ளை இரவில் இருமுகிறது, பகலில் குறைகிறது, விடுமுறைக்கு வேறிடம் போனால் நின்றுவிடுகிறது என்றால் வைத்தியரிடம் மருந்து கேட்பதோடு நிறுத்தாதீர்கள். பிள்ளையின் கட்டில் எந்தச் சுவரோடு இருக்கிறது, அந்தச் சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பார்த்ததை வைத்தியரிடமும் சொல்லுங்கள். இந்தத் தகவல் அவருக்கு மிகவும் உதவும்.

செய்ய வேண்டியவை:

1. பெரிய தாளை வெளிப்பக்கச் சுவரில் ஒட்டாதீர்கள். வீட்டின் உட்சுவர், அலுமாரிக் கதவு, கண்ணாடி, மேசை என்பன பரவாயில்லை. எது வெளிச்சுவர் என்று தெரியாவிட்டால், குளிர்ந்த காலையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மற்றச் சுவரைவிடச் சில்லென்று இருந்தால் அது விலக்க வேண்டிய சுவர்.

2. கட்டிலையும் அலுமாரியையும் வெளிச்சுவரிலிருந்து 5 முதல் 10 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள்.

3. குளிர்காலத்தில் நாளுக்கு மூன்று தடவை, 5 முதல் 10 நிமிடம், யன்னல்களை முழுதாகத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். நாள் முழுவதும் யன்னலைச் சற்றுச் சரித்து வைப்பதால் சுவர் குளிருமே தவிர ஈரம் போகாது.

4. ஈரப்பதன் அளக்கும் சிறிய கருவி ஒன்று வாங்கி வையுங்கள். விலை அதிகமில்லை. குளிர்காலத்தில் 50 வீதத்துக்கு மேல் நிற்க விடாதீர்கள்.

5. பூஞ்சணத்தைக் கண்டால் அதன் மேல் புதிய தாள் ஒட்டி மறைக்கவே கூடாது. அரைச் சதுர மீற்றருக்குக் குறைவான, மேலோட்டமான பூஞ்சணத்தை வீட்டாரே சுத்தம் செய்யலாம் என்பது ஜெர்மன் மத்திய சுற்றாடல் நிறுவனத்தின் வழிகாட்டல். கையுறையும் எஃப்.எஃப்.பி.2 முகக்கவசமும் அணிந்து, யன்னலைத் திறந்து, 70 வீத அற்ககோலால் ஈரமாகத் துடைக்க வேண்டும். அருகில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது. ஆஸ்த்துமா உள்ளவரும் கர்ப்பிணிகளும் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். அதைவிடப் பெரிதாக இருந்தால், அல்லது துடைத்தபின் திரும்ப வந்தால், படம் எடுத்து ரெஜிக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். கட்டடத்தின் குறையைத் திருத்துவது வீட்டுக்காரரின் கடமை. ஆனால் சுவர் முழுவதையும் பிளாஸ்ரிக்கால் மூடியிருந்தால் பிழை உங்களுடையது என்று சொல்ல அவருக்கு வழி கிடைக்கும். வாடகையாளர் சங்கத்தில் சேர்ந்திருந்தால் அவர்களிடம் ஆலோசனை கேட்கலாம்.

குசினியும் சாமித்தட்டும்

அடுப்புக்குப் பின்னால் உள்ள ஓட்டில் படியும் எண்ணெய்ப் பசையை மறைக்கப் பலர் வினைல் தாள் ஒட்டுகிறார்கள். கழுவும் தொட்டிப் பக்கம் சரி. அடுப்பை ஒட்டிய சுவர் சரியல்ல. தாச்சி சூடாகும் இடத்தில் தாள் முதலில் சுருங்கும், பிறகு கருகும். பி.வி.சி எரிந்தால் ஹைதரசன் குளோரைட்டு என்ற வாயு வரும். அது மூக்கு, தொண்டை, நுரையீரலின் ஈரத்தில் கரைந்து அமிலமாகிப் புண்ணாக்கும். அடுப்பின் ஓரத்திலிருந்து தாராளமான இடைவெளி விடுங்கள். அந்த இடத்துக்குக் கண்ணாடி அல்லது துருப்பிடிக்காத உருக்குத் தகடுதான் ஏற்றது.

சாமித்தட்டுக்கும் இதே விதிதான். குத்துவிளக்கு, கற்பூரம், ஊதுபத்தி இவற்றுக்குப் பின்னால் பொன்னிறத் தாள் அழகாக இருக்கும். ஆனால் தாளின் ஒரு மூலை பசை விட்டு முன்னால் சரிந்தால் சுடரில்தான் விழும். விளக்குக்குக் கீழே உலோகத் தட்டமும் பின்னால் உலோகமோ ஓடோ இருக்கட்டும். பிறந்தநாள் மேசையில் மெழுகுதிரிக்கும் பின்னால் தொங்கும் அலங்காரத்துக்கும் இடையில் ஒரு கை நீளமாவது விடுங்கள். தீ என்றால் 118.

ஒரு சின்ன விடயம். கோப்பையிலும் தட்டிலும் பெயர் ஒட்டிப் பரிசளிக்கும் வழக்கம் வந்திருக்கிறது. இந்தத் தாளும் பசையும் உணவோடு தொடுவதற்கென்று தயாரித்தவையல்ல. கோப்பையின் வெளிப்பக்கத்தில், உதடு படும் விளிம்பிலிருந்து இரண்டு விரல் கீழே ஒட்டலாம். சாப்பாடு படும் பக்கத்தில் ஒட்ட வேண்டாம்.

குழந்தைகளின் அறை

மேலே சொன்ன மெதுவாக்கிகளில் பழைய வகை தலேற்றுகள் எனப்படும். இவை பிளாஸ்ரிக்கோடு இறுகப் பிணைந்திருப்பதில்லை. வருடக்கணக்கில் மெல்ல வெளியேறி வீட்டுத் தூசியில் சேரும். தவழும் பிள்ளை தூசியைக் கையால் தொட்டு வாயில் வைக்கும். 2004ஆம் ஆண்டில் சுவீடன் ஆய்வாளர்கள், வீட்டுத் தூசியில் சில தலேற்றுகள் அதிகமாக இருந்த வீடுகளில் பிள்ளைகளின் ஆஸ்த்துமாவும் ஒவ்வாமையும் அதிகமாக இருந்ததைக் காட்டினார்கள். ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று இதனால் நிரூபணமாகவில்லை. ஆனாலும் சில தலேற்றுகள் ஹோர்மோன்களைப் பாதிப்பவை என்பது வேறு ஆய்வுகளிலும் தெரிந்ததால், ஐரோப்பிய ஒன்றியம் 2020 யூலை முதல் நான்கு தலேற்றுகளை வீட்டுப் பாவனைப் பொருட்களில் 0.1 வீதத்துக்கு மட்டுப்படுத்தியது. முன்பு பி.வி.சியில் சேர்த்துவந்த ஈயத்துக்கும் 2024 நவம்பரிலிருந்து அங்கே இதேபோன்ற கட்டுப்பாடு இருக்கிறது.

ஐரோப்பியக் கடைகளில் பெயர் தெரிந்த நிறுவனங்களின் தாளை வாங்குவதில் பயம் குறைவு. தயாரித்தவர் பெயரே இல்லாமல் தூர தேசத்திலிருந்து தபாலில் வரும் மலிவுத் தாளிலும், பெட்டிக்குள் கிடக்கும் பழைய தாளிலும்தான் கவனம் வேண்டும். பெட்டியில் பிரெஞ்சில் 'சான் ஃப்தலாத்' என்று இருந்தால் தலேற்று இல்லை என்று பொருள். சுருளைத் திறக்கும்போதே கடும் மணம் அடித்தால் அந்தத் தாள் பிள்ளையின் அறைக்கு வேண்டாம். நல்ல தாளையும் யன்னல் திறந்த அறையில் ஒட்டி, ஓரிரு நாள் நன்றாகக் காற்றோட்டம் கொடுத்தபின் பிள்ளையை அங்கே படுக்க விடுங்கள். தரையை ஈரத்துணியால் துடைப்பதும் சாப்பிடுமுன் கை கழுவுவதும் தூசிக்கு எதிரான மலிவான மருந்து.

3 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள வீட்டில் கட்டிலில் நின்று எட்டும் உயரத்தில் சிறிய ஸ்ரிக்கர்கள் வேண்டாம். நட்சத்திரம் ஒன்றை உரித்து வாயில் போட்டால் அது ஈரமான தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். தேங்காய்ப் பூ எட்டாத உயரத்தில் வைப்பதுபோல இதையும் வையுங்கள்.

பழைய தரையை உரிக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு விடயத்தை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். குசினித் தரையோ குளியலறைத் தரையோ பழையதாகிவிட்டது, அதை உரித்துவிட்டுப் புதிய ஒட்டும் வினைல் ஓடு பதிக்கலாம் என்று சிலர் தாங்களே வேலையில் இறங்குகிறார்கள். சுவிற்சர்லாந்தில் 1990ஆம் ஆண்டில்தான் கல்நார் எனப்படும் அஸ்பெஸ்ரஸ் தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்திய கட்டடங்களில், முக்கியமாக 1960களிலிருந்து 1980கள் வரை போட்ட மெத்தென்ற வினைல் தரைகளில், கீழ்ப்பக்கம் மட்டை போன்ற சாம்பல் நிறப் படை இருக்கலாம். அந்தப் படையில் அஸ்பெஸ்ரஸ் நிறைய இருக்கும். பழைய ஓட்டுப் பசையிலும் இருக்கலாம்.

உரிக்காமல் இருக்கும்வரை அது பெரும்பாலும் சும்மா இருக்கும். உரித்தால், சுரண்டினால், அரத்தாளால் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் பறக்கும். அவை நுரையீரலில் தங்கி, 20 முதல் 40 வருடங்களின் பின் நுரையீரல் உறையில் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. இன்று உரிப்பவருக்கு இருமல்கூட வராது. அதனால்தான் இது ஆபத்தானது.

1990க்கு முந்திய வீடு என்றால் பழைய தரையில் கைவைக்க வேண்டாம். ரெஜிக்கு எழுதிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அப்படியான தரையை அகற்றுவது அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் வேலை. விபத்துக் காப்புறுதி நிறுவனமான சூவா இதுபற்றிப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் விளக்கக் கைநூல்கள் வெளியிட்டிருக்கிறது. தரை ஏற்கெனவே கிழிந்து சாம்பல் படை தெரிந்தால் கூட்டவோ தூசி உறிஞ்சி போடவோ வேண்டாம். ஈரத்துணியால் மூடி, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, ரெஜியை அழையுங்கள்.

தோலில் ஒட்டலாமா?

எங்கள் பெண்களுக்கு ஒட்டும் பொருள் புதிதல்ல. ஸ்ரிக்கர் பொட்டு நீண்டகாலப் பழக்கம். இந்தியத் தோல் வைத்தியர்கள் 1990ஆம் ஆண்டிலேயே ஒரு விடயத்தை எழுதியிருக்கிறார்கள். சில பொட்டுகளின் பசையில் இருந்த பியூட்டைல் பினோல் வகை இரசாயனம் தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்களைக் கொல்கிறது. பொட்டு வைத்த இடத்தில் வெள்ளைப் புள்ளி விழுகிறது. வெண்புள்ளி நோய் வந்துவிட்டதென்று குடும்பமே கலங்கும், ஆனால் காரணம் பொட்டுப் பசை. நெற்றியில் அரிப்போ நிறமாற்றமோ கண்டால் அந்தப் பொட்டை உடனே நிறுத்தித் தோல் வைத்தியரைப் பாருங்கள். இரவில் பொட்டைக் கழற்றிவிட்டுப் படுங்கள். குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து நாட்கணக்கில் திரும்பத் திரும்ப வைக்கும் வழக்கத்தையும் விடுங்கள்.

தோலுக்கென்றே செய்த பொட்டிலேயே இப்படியென்றால், சுவருக்குச் செய்த தாளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மிஞ்சிய வினைல் துண்டைப் பொட்டாக வெட்டி வைப்பதும், பிள்ளைகளின் கன்னத்தில் ஒட்டி விளையாடுவதும் வேண்டாம். மேலும், எங்களில் நீரிழிவு உள்ளவர்கள் அதிகம். கையில் சீனி அளக்கும் கருவி ஒட்டுபவர்களுக்கும் அக்ரிலேற்று வகைப் பொருட்களால் ஒவ்வாமை வரலாம் என்பது 2017 முதல் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஒட்டிய இடம் சிவந்து கடித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். வேறு வகைக் கருவி இருக்கிறது.

கழற்றும்போது

புதிதாக வர்ணம் பூசிய சுவரில் ஆகக் குறைந்தது 3 கிழமை கழித்தே ஒட்டுங்கள். கழற்றும்போது தலைமயிர் உலர்த்தியால் இளஞ்சூடு காட்டி, தாளைத் தன்மேலேயே மடித்தபடி மெதுவாக இழுத்தால் சுவரும் தப்பும், பசையும் குறைவாக மிஞ்சும். வெடுக்கென்று இழுப்பதுதான் வர்ணத்தை உரிப்பது.

கண்ணாடியிலும் ஓட்டிலும் மிஞ்சிய பசைக்குச் சமையல் எண்ணெயைத் தடவிக் கால் மணித்தியாலம் விட்டுச் சவர்க்காரத்தால் கழுவினால் போதும். வர்ணச் சுவரில் எண்ணெய் கறையாகும், அங்கே சவர்க்காரத் தண்ணீர் மட்டும். பென்சின், அசெத்தோன் போன்ற கரைப்பான்கள் பாவிப்பதென்றால் யன்னலைத் திறந்து, கையுறையோடு, நெருப்பில்லாத இடத்தில். கரைப்பானைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். பிள்ளை ஒரு வாய் குடித்தாலும் பென்சின் நுரையீரலுக்குள் போய்ச் சேதம் செய்யும். வாந்தியெடுக்க வைத்தால் அந்தச் சேதம் கூடும். வாந்தியெடுக்க வைக்காமல் உடனே 145க்கு அழையுங்கள். அது நஞ்சுத் தகவல் நிலையமான தொக்ஸ் இன்ஃபோ சுவிசின் இலக்கம், இரவும் பகலும் வைத்தியர்கள் பதில் சொல்வார்கள். மூச்சுத் திணறினால் 144.

தாள் வெட்டும் சிறு கத்தியால் விரலை வெட்டுவோரும் உண்டு. சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். விரல் மடங்காவிட்டால், நுனி விறைத்திருந்தால், காயம் ஆழமாக வாய் திறந்திருந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், அடுத்த நாள் வரை பார்க்கக் கூடாது. ஏற்புத் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்றும் பாருங்கள். சுவிஸ் அட்டவணைப்படி பெரியவர்களுக்கு 25, 45, 65 வயதுகளில், அதன் பிறகு 10 வருடத்துக்கு ஒருமுறை.

இதே தாளால் வரும் நன்மைகள்

வயதான அம்மா, அப்பா வீட்டில் இருக்கிறார்களா? கண்புரையோ நீரிழிவால் வந்த பார்வைக் குறைவோ உள்ளவருக்குப் படியின் விளிம்பு எங்கே என்று தெரியாது. ஒவ்வொரு படி விளிம்பிலும் படியின் நிறத்துக்கு மாறான நிறத்தில் வழுக்காத பட்டி ஒட்டுங்கள். சாதாரண வினைல் தாளைப் படியில் ஒட்ட வேண்டாம், அது வழுக்கும். சொரசொரப்பான பட்டி தனியாக விற்கிறார்கள். குளியல் தொட்டிக்கும் வழுக்காத ஒட்டிகள் இருக்கின்றன.

பெரிய கண்ணாடிக் கதவில் பிள்ளையின் கண் உயரத்திலும் பெரியவர் கண் உயரத்திலும் ஒவ்வொரு வரிசைப் படம் ஒட்டினால் ஓடி வந்து மோதுவது குறையும். மருந்துப் பெட்டியில் காலைக்கு மஞ்சள், இரவுக்கு நீலம் என்று நிறத் துண்டு ஒட்டினால், பிரெஞ்சு வாசிக்கத் தெரியாத அம்மம்மாவும் மருந்தை மாற்றி எடுக்க மாட்டா. சுடுதண்ணீர்க் குழாயில் சிவப்பு வட்டம். தொலைபேசி அருகே 144, 145, 118 என்ற இலக்கங்கள் பெரிய எழுத்தில். எழுத்து வெட்டும் இயந்திரம் வைத்திருக்கும் பிள்ளைகள் தங்கள் மாடிக் கட்டடத்தில் உள்ள முதியவர்களுக்கு இவற்றை வெட்டிக் கொடுக்கலாம்.

ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள்

ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு, மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிறோம். குளிர் தொடங்கும் காலமும் அதுதான். அன்றைக்கே வீட்டில் ஒட்டியிருக்கும் தாள்களைச் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கீழ் மூலையை ஒரு கை அகலம் உரித்து, பின்னால் பாருங்கள், மணந்தும் பாருங்கள். உலர்ந்து சுத்தமாக இருந்தால் திரும்ப அழுத்திவிடலாம். ஈரமோ கறுப்புப் புள்ளியோ மண் மணமோ இருந்தால் முழுவதையும் கழற்றிச் சுவரைக் காயவிடுங்கள். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை முன்னுக்கு வைக்கும்போது இன்னொரு தடவை. பத்து நிமிட வேலைதான். பிள்ளை படுக்கும் அறையிலிருந்து தொடங்குங்கள்.